டாம்பாவிலிருந்து கிளம்பிவிட்டார்கள்

2024 அக்டோபர். புயலுக்குப் பயந்து ஃப்ளோரிடாவின் டாம்பாவிலிருந்து ஒரு குடும்பம் அட்லாண்டாவில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வருகிறது. ஹாலில் கொலுப்படி. மீதி இடத்தில் காற்று மெத்தையை விரித்தால் கிச்சனுக்குப் போக வழியில்லை. விஜயதசமிக்கு முன்னால் கொலுவைக் கலைக்கவும் முடியாது.

சரி, சாப்பாட்டு மேஜையை கராஜுக்குத் தள்ளியாயிற்று.

டாம்பாவிலிருந்து அட்லாண்டாவுக்குச் சாதாரண நாளில் ஏழு மணி நேரம். ஐ-75 நெடுஞ்சாலையில் இன்று எவ்வளவு இழுக்குமோ!

ஹெலீன் புயல் போய் இரண்டு வாரம்கூட ஆகவில்லை. அதில் நனைந்த சோஃபாக்கள் அங்கே இன்னும் தெருவோரம் கிடக்கின்றன. அதற்குள் அடுத்த புயல், மில்டன். கடல் 10 முதல் 15 அடி வரை ஏறலாம் என்கிறார்கள்.

"பாஸ்போர்ட், விசா பேப்பர் எல்லாம் எடுத்தாச்சு. வேற என்னக்கா எடுக்கணும்?" என்று அந்தக் குடும்பத்துப் பெண் கிளம்புமுன் போனில் கேட்டாள்.

நகையைப் பற்றி அப்புறம்தான் ஞாபகம் வந்தது, இரண்டு பேருக்குமே.

வெளியேறச் சொல்லி உத்தரவு போட்டுவிடலாம். அதற்கு ஓடுகிற கார் வேண்டும், லீவு தருகிற மேலாளர் வேண்டும், போய்ச் சேர ஒரு வீடு வேண்டும். இதில் ஒன்று குறைந்தாலும் அங்கேயே இருக்க வேண்டியதுதான். அப்படி இருந்துவிடுகிறவர்களைப் பிடிவாதக்காரர்கள் என்று டிவியில் பேசும்போது எரிச்சலாக வருகிறது.

புளிக்காய்ச்சல் தயார். தோசை மாவும் பொங்கிவிட்டது.

டாம்பாக்காரர்களின் நாயும் வருகிறது. மாமியாரிடம் இன்னும் சொல்லவில்லை.