அரை மில்லிமீற்றர்

எங்களுக்குப் பட்டறை வேலை படிப்பித்த சேர் காலமாகிவிட்டார் என்று போன மாதம் இங்கே கனடாவில் ஸ்காபரோவுக்குச் செய்தி வந்தது. பழைய மாணவர் சங்கம் அவருடைய நினைவு மலருக்கு எழுதச் சொல்லிக் கேட்டபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது, பட்டறை யன்னலோரம் கம்பியில் தொங்கிய உருக்குத் தண்டுதான். 1982க்குப் பிறகு படித்த எல்லோரும் அதைப் பார்த்திருப்பீர்கள். அதைக் கடைந்தவன் நான்.

நீர்ப் பம்புக்கான தண்டு. 20 மில்லிமீற்றர் துளையுள்ள பெயாரிங் அதில் இறுகி உட்கார வேண்டும். "இன்னும் எவ்வளவு எடுக்க வேணும், அளந்து சொல்லும்" என்றார் சேர். நுண்ணிய தடிப்பை அளக்கும் நுண்மானித் திருகுக் கணிச்சியை (மைக்ரோமீற்றர்) எடுத்தேன். ஒரு சுற்றுக்கு அரை மில்லிமீற்றர், வட்ட அளவிடையில் 50 பிரிவு, ஒரு பிரிவு 0.01. எல்லாம் பாடம். வாயை மூடினால் பூச்சியத்தில் நிற்கிறதா என்று பூச்சிய வழுவும் பார்த்தேன். வட்டம் 46இல் நின்றது. நேர் அளவிடையில் 20ஆம் கோட்டைத் தாண்டி 20.5க்கான அரைக்கோடு மெல்லிசாக எட்டிப் பார்த்தது. அந்த அரையையும் சேர்த்து 20.96 என்று எழுதினேன்.

வட்டம் பூச்சியத்தை நெருங்கும்போது அடுத்த அரைக்கோடு முந்திக்கொண்டு தலைகாட்டும். சுற்று முடியாமல் அதைச் சேர்க்கக் கூடாது. உண்மை அளவு 20.46. இடையில் நிறுத்தி மறுபடி அளக்காமல் 0.96ஐயும் கடைந்து எடுத்துவிட்டேன்.

சேர் ஏசவில்லை. வகுப்பே சுற்றி நிற்க, பெயாரிங்கைக் கையில் தந்து போடச் சொன்னார். வளையல் மாதிரி இறங்கி ஆடியது. "எவ்வளவு வாசிச்சனீர்?" என்றார். எனக்குக் குரல் வரவில்லை.

அப்புறம் மற்றவர்களை அனுப்பிவிட்டு, மேசையில் உருக்குத் துண்டுகளைப் பரப்பி, இருட்டும் வரை அளக்க வைத்தார். "முறுக்காதையும் தம்பி, நுனியிலை இருக்கிற றற்செற்றை மூண்டு தரம் கிளிக் எண்ண விடும்." "கையிலை வைச்சுச் சூடாக்காதையும்." தன் பிளேன்ரீயில் பாதியை எனக்கு ஊற்றித் தந்தார்.

அந்தப் பின்னேரம்தான் எனக்கு இங்கே 30 ஆண்டுகள் சோறு போட்டது. நான் வேலை செய்த இடத்தில் அளக்கும் அறை எப்போதும் 20 பாகை செல்சியஸ். உருக்கு சூட்டில் நீளும் என்பதால் அளவெல்லாம் அந்த வெப்பநிலைக்குத்தான். கருவி எண்ணாகவே காட்டிவிடும். எங்கள் தகரக்கூரை வெக்கையில், தேய்ந்த கருவியோடு, சேர் மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்கைப் பிடித்தார்.

1985இல் தன்னோடு உதவிப் போதனாசிரியராக இருக்கும்படி கேட்டார். "யோசிச்சுச் சொல்லுறன் சேர்" என்றேன். அடுத்த கிழமை கொழும்புக்கு வெளிக்கிட்டேன். காரணம் உங்களுக்குத் தெரியும். ஆனாலும் ஒரு கடிதமாவது போட்டிருக்கலாம். போடவில்லை.

95 யாழ்ப்பாண இடப்பெயர்வில் அந்தத் தண்டு என்ன ஆனது என்று யாருக்காவது தெரியுமா? தெரிந்தால் சங்கத்துக்கு எழுதுங்கள். கொண்டுவரும் செலவு என்னுடையது.