18 நிமிடக் கோடுகள்

பழைய மாணவர் சங்க மலருக்குப் பழைய படம் ஏதும் இருந்தால் அனுப்பச் சொல்லிச் செயலாளர் கேட்டிருந்தார். அல்பத்திலிருந்து எங்கள் கிரிக்கெட் அணிப் படத்தைக் கழற்றினால், அதன் முதுகில் இன்னொன்று ஒட்டிக்கொண்டிருந்தது. கறுப்பு வெள்ளைப் படம்தான், கறுப்பு கொஞ்சம் கூட.

1986, சித்திரை வருடப்பிறப்புக்கு முதல்நாள் இரவு. ஹலியின் வால்வெள்ளியைக் காட்டப் பௌதிக சேர் எங்கள் எட்டுப் பேரையும் மைதானத்துக்குக் கூட்டிப்போனார். நெருப்பு வாலோடு வரும் என்று போன எங்களுக்குத் தெற்கே பஞ்சுத் துணுக்குப் போல ஒரு புகைச்சல்தான் கிடைத்தது. சேர் கமராவை முக்காலியில் பூட்டி, ஷட்டரைத் திறந்தபடி விட்டு, "கிட்டப் போகாதேங்கோ" என்றார்.

ஸ்ரூடியோக்காரர் "ஒன்றும் விழவில்லை" என்று பிரின்ற் போடவே மறுத்தாராம். சேர் விடாமல் நின்று ஆளுக்கொன்று எடுப்பித்துத் தந்தார். பார்த்தால் கோடு கோடாய்க் கீறல், இரண்டு மங்கல் கறை. ஒன்று வால்வெள்ளி, சரி, மற்றது? தண்ணீர் பட்டிருக்கும் என்று சிரித்துவிட்டு விட்டுவிட்டோம்.

ரொறன்ரோவில் மகளின் பள்ளி வேலைக்காக நட்சத்திர வரைபடம் பார்த்தபோதுதான் அந்தத் தண்ணீர்க் கறையின் பெயர் தெரிந்தது. ஒமேகா சென்டாரி. ஏறக்குறைய 17,000 ஒளியாண்டுக்கு அப்பால், கிட்டத்தட்ட ஒரு கோடி நட்சத்திரங்கள் உருண்டையாய்த் திரண்ட கொத்து!

இந்த முறை அடிமட்டத்தோடு உட்கார்ந்தேன். பூமி சுழல்வதால் வானம் மணிக்கு 15 பாகை நகர்கிறது; ஷட்டர் திறந்திருந்தபோது நட்சத்திரங்கள் அப்படி நகர்ந்த தடம்தான் அந்தக் கோடுகள். வானத்தின் தென்முனையை நெருங்க நெருங்கக் கோடு குறுகும். கீழே பளிச்சென்று இருக்கும் நட்சத்திரங்கள் அல்பா சென்டாரியும் பீற்றா சென்டாரியும். அங்கே நகர்வு மணிக்கு ஏழரைப் பாகைக்குச் சற்றுக் குறைவுதான். அவற்றுக்கிடையே நாலரைப் பாகைக்குச் சற்றுக் குறைவு. கோட்டின் நீளம் அதில் பாதி. கணக்குப் போட்டால் ஷட்டர் 18 நிமிடம் திறந்திருந்தது என்று வருகிறது. சேர் எங்கும் நேரம் குறித்துவைக்கவில்லை. ஊரில் முற்றத்தில் நின்றே பார்த்த இந்த மூன்று சென்டாரிகளும் ரொறன்ரோவில் அடிவானத்துக்கு மேலே வருவதேயில்லை.

அளக்கும்போது இன்னொன்றும் கண்ணில் பட்டது. எல்லாக் கோட்டிலும் ஒரு நுனிக்குக் கிட்ட ஒரே மாதிரிச் சின்ன நெளிவு. யாரோ முக்காலியில் முட்டியிருக்கிறார்கள். யாரோ என்ன, நான்தான். இருட்டில் செருப்பைக் காலால் துழாவினேன். "ஆரடா தட்டினது?" என்று சேர் கேட்டபோது வாயே திறக்கவில்லை.