தமிழாசிரியர் பணிக்கு ஏழு ஆண்டுகள்

எம்.ஏ. தமிழ் முடித்துவிட்டேன், அடுத்து என்ன செய்யலாம் என்று கேட்டு என் பழைய மாணவர்கள் அவ்வப்போது அழைக்கிறார்கள். அரை மணி நேரம் பேசினாலும் பாதியைத்தான் சொல்ல முடிகிறது. அதனால் நான் வந்த வழியை இங்கே எழுதி வைக்கிறேன்.

2013இல் எம்.ஏ., 2014இல் எம்.ஃபில்., 2015இல் பி.எட். முடித்தேன். ஓராண்டில் பி.எட். முடித்த கடைசி அணி எங்களுடையது. அதன்பின் அது இரண்டாண்டுப் படிப்பாயிற்று. கல்லூரியில் பாடம் நடத்தப் போகிறவளுக்கு பி.எட். எதற்கு என்று நான் முரண்டு பிடித்தேன். அப்பாதான் விடாப்பிடியாகச் சேர்த்துவிட்டார். அந்தச் சான்றிதழ்தான் பின்னால் எனக்குச் சோறு போட்டது.

அந்த ஆண்டே தென்மாவட்டத்தில் ஓர் அரசுக் கலைக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக, அதாவது தற்காலிக ஆசிரியராக, சேர்ந்தேன். ஆண்டுக்கு 11 மாதச் சம்பளம். மே மாதத்துக்குக் கிடையாது. சில ஆண்டுகளில் மூன்று மாதச் சம்பளம் மொத்தமாக வந்தது. அதுவரை மளிகைக்கடைக் கணக்கு ஏறிக்கொண்டிருக்கும். நிரந்தரப் பேராசிரியர்கள் எடுக்கும் அதே பாடங்களை நாங்களும் எடுத்தோம். அதே விடைத்தாள்களைத் திருத்தினோம். பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் கௌரவ விரிவுரையாளர்களுக்கு மாதம் 50,000 ரூபாய் வரை வழங்கலாம் என்று சொன்னது. நான் கடைசியாக வாங்கியது 20,000. மே மாதங்களில் ஓர் அச்சகத்துக்கு மெய்ப்புத் திருத்திக் கொடுத்தேன்.

இத்தனைக்கும் ஏன் விடவில்லை என்றால், வகுப்புதான் காரணம். பி.காம்., பி.எஸ்சி. மாணவர்களுக்குப் பகுதி-1 தமிழ் எடுப்பேன். அறுபது பேருக்கு மேல் இருப்பார்கள். தமிழ் என்றால் தேர்வுக்கு முந்தைய இரவு புரட்டினால் போதும் என்ற நினைப்போடுதான் வருவார்கள். வாரத்தில் ஒரு நாள் பாடநூலை மூடச் சொல்லி, தங்களுக்குத் தெரிந்த ஒரு வேலையைப் பற்றி ஒரு பக்கம் எழுதச் சொல்வேன். முதல் மாதம் எல்லாரும் 'உழைப்பே உயர்வு' என்று எழுதினார்கள். யாருடைய உழைப்பு, காலையில் எத்தனை மணிக்கு எழுந்தார், கையில் என்ன இருந்தது என்று ஓரத்தில் கேள்விகளாகவே எழுதித் திருப்பிக் கொடுத்தேன். மூன்றாம் மாதம் ஒரு மாணவன் தன் அப்பா பனையேறுவதைப் பற்றி எழுதியிருந்தான். பாளை சீவும் அரிவாள், கலயத்தில் தடவும் சுண்ணாம்பு, நெஞ்சில் காய்த்துப்போன தோல் எல்லாம் அதில் இருந்தன. ஒரு வரிகூட இரவல் இல்லை.

நன்னூல் பாயிரத்தில் ஆசிரியர் ஆகத் தகாதவருக்கு, கருக்குமட்டை சூழ்ந்து ஏற முடியாத பனையான மடற்பனையை உவமை சொல்வார்கள். பழம் தானாக விழுந்தால்தான் உண்டு. நாமாகப் போய் எடுக்க முடியாது. அதை நடத்தியபோது அதே மாணவன் எழுந்து, "கருக்குமட்டையைக் கழித்துவிட்டால் ஏறிவிடலாம் அம்மா. கழிக்காமல் விட்டது யார் குற்றம்?" என்று கேட்டான். நான் பத்து ஆண்டுகளாகப் படித்த நூற்பா அது. அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதே இல்லை.

இனித் தேர்வுகள். கல்லூரி ஆசிரியர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வான நெட்டில் ஐந்து முறை தோற்றேன். தமிழ்த் தாள் தமிழில்தான் இருக்கும். அதில் எனக்குச் சிக்கல் இல்லை. எல்லாருக்கும் பொதுவான முதல் தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வரும். தமிழ்வழியில் படித்து வந்தவர்கள் தடுக்கி விழுவது அங்கேதான். 2017 முதல் உதவிப் பேராசிரியர் தகுதியோ எழுதியவர்களில் 6 விழுக்காட்டினருக்கு மட்டும். கேள்வியைப் புரிந்துகொள்ளவே எனக்கு நேரம் போனது. பிறகு பழைய வினாத்தாள்களை எடுத்து, திரும்பத் திரும்ப வரும் ஆங்கிலச் சொற்களுக்கு மட்டும் ஒரு குறிப்பேடு போட்டேன். நானூறு சொற்கள் சேர்ந்தன. கணினிவழியில் நடந்த முதல் நெட் தேர்வான 2018 டிசம்பரில் தேர்ச்சி பெற்றேன். தமிழ் படித்தவர்கள் முதல் தாளைத்தான் முதலில் பிடிக்க வேண்டும் என்று நான் எல்லாரிடமும் சொல்வது இதனால்தான்.

2019இல் ஆசிரியர் தேர்வு வாரியம் உதவிப் பேராசிரியர் பணிக்கு அறிவிக்கை வெளியிட்டது. எழுத்துத் தேர்வு கிடையாது. கற்பித்தல் அனுபவத்துக்கு 15, கல்வித் தகுதிக்கு 9, நேர்காணலுக்கு 10 என மொத்தம் 34 மதிப்பெண். தகுதி பெற்ற பிறகான அனுபவமே கணக்கில் வரும் என்பதால் நெட்டுக்கு முந்தைய ஆண்டுகள் கைவிட்டுப் போயின. எஞ்சிய சில மாதங்களுக்குச் சான்று வாங்கி, மண்டல இணை இயக்குநர் அலுவலகத்தில் மேலொப்பம் பெற நான்கு முறை நடந்தேன். கடைசியில் அந்த அறிவிக்கையே ரத்தாயிற்று.

அதே ஆண்டில்தான் பகுதிநேர முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தேன். 2021 ஜூலை முதல் பல்கலைக்கழகத் துறைகளில் ஆசிரியராகச் சேர முனைவர் பட்டம் கட்டாயம் என்று மானியக் குழு சொல்லியிருந்தது. கல்லூரிகளுக்கும் அது வரும் என்று நாங்கள் பயந்தோம். கெடு 2023க்குத் தள்ளிப்போனது. 2023 ஜூலையில் நெட் அல்லது மாநிலத் தகுதித் தேர்வான செட் போதும் என்று மாற்றிவிட்டார்கள். அதற்கு அடுத்த மாதம் எனக்கு வாய்மொழித் தேர்வு நடந்தது. நெய்தல் திணையைப் பற்றிய ஆய்வு அது. நான்கு ஆண்டுகள் மனம் நிறைந்து படித்தேன், அதில் எனக்குக் குறையே இல்லை. அச்சத்தில் மட்டும் யாரும் ஆய்வுக்குப் போக வேண்டாம்.

இதற்கிடையில் 2021இல் அரசு மேல்நிலைப் பள்ளிகளில் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கும் முதுகலை ஆசிரியர் பணிக்கு 2,207 இடங்கள் அறிவித்தார்கள். பி.எட். இருந்ததால் விண்ணப்பிக்க முடிந்தது. பாடத்துக்கு 110, கல்வியியலுக்கு 30, பொது அறிவுக்கு 10 என 150 கேள்விகள். நான் வழிகாட்டி நூல்களை ஒதுக்கிவிட்டு மூலநூல்களையே படித்தேன். தொகை நூல்களைத் தொகுத்தவர், தொகுப்பித்தவர், அடியளவு ஆகியவற்றுக்கு ஒரே பெரிய தாளில் அட்டவணை போட்டுச் சமையலறைச் சுவரில் ஒட்டினேன். கல்வியியலுக்குப் பழைய பி.எட். குறிப்புகளே போதுமாக இருந்தன.

படிப்பைவிட அதிகம் அலைக்கழித்தது, தமிழ்வழியில் படித்தவர்களுக்கான இடஒதுக்கீட்டுக்குக் காட்ட வேண்டிய தமிழ்வழிச் சான்று. ஒன்றாம் வகுப்பு முதல் படித்த ஒவ்வொரு நிறுவனத்திலும் தனித்தனியாக வாங்க வேண்டும். நான் படித்த தொடக்கப் பள்ளியை மூடிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. அதன் சேர்க்கைப் பதிவேடு பக்கத்து ஊர்ப் பள்ளியில் பழைய பீரோ ஒன்றில் கிடந்தது. அங்கிருந்த தலைமையாசிரியர், ஓய்வுபெற இரண்டு மாதமே இருந்த பெண்மணி, ஒரு சனிக்கிழமை முழுக்க என்னோடு உட்கார்ந்து தூசி தட்டித் தேடிக் கொடுத்தார். தமிழ்வழிச் சான்றுகளை அறிவிக்கை வருவதற்கு முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

2022 பிப்ரவரியில் தேர்வு எழுதினேன். அந்த ஆண்டு முடிவதற்குள் பணிநியமன ஆணை கைக்கு வந்தது. அம்மா அதை வாங்கித் தடவிப் பார்த்துவிட்டு, "மே மாதமும் சம்பளம் உண்டாடீ?" என்று மட்டும் கேட்டார்.

இந்த ஏழு ஆண்டுகளில் ஒருமுறைகூட ஒரு பாடத்தை நடத்திக் காட்டுங்கள் என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. மாணவர் எழுதிய ஒரு பக்கத்தைக் கொடுத்து, இதை எப்படித் திருத்துவீர்கள் என்று கேட்டதுமில்லை. மடற்பனை எதற்கு உவமை என்று கேட்பார்கள். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நல்லாசிரியருக்கு அதே பாயிரம் சொல்லும் குணங்களில் கட்டுரை வன்மையும் ஒன்று, பொருளைத் தொடுத்துச் சொல்லும் திறம். அது இருக்கிறதா இல்லையா என்று பார்க்க இந்தத் தேர்வுகளில் இடமே இல்லை. இது எனக்கு இன்றும் வலிக்கிறது, ஏனென்றால் அருமையாகப் பாடம் நடத்தும் இருவர் என்னோடு பணியாற்றினார்கள். ஒருவர் வயது வரம்பைத் தாண்டிவிட்டார். மற்றவர் துணிக்கடையில் கணக்கு எழுதுகிறார்.

2024 மார்ச்சில் 4,000 உதவிப் பேராசிரியர் இடங்களுக்கு அறிவிப்பு வந்தது. முனைவர் பட்டமும் கையில் இருந்தது. இரண்டு இரவுகள் யோசித்து, விண்ணப்பிக்காமல் விட்டேன். கல்லூரிக்கு வரும் மாணவனிடம் 'உழைப்பே உயர்வு' என்ற வரியைப் பிடுங்கி எறிய எனக்கு மூன்று மாதம் ஆனது. பதினொன்றாம் வகுப்பில் மூன்று வாரம் போதும்.

இந்த வாரம் என் வகுப்பில் வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியைப் பற்றி எழுதச் சொன்னேன். ஒரு மாணவி இரண்டு பக்கம் எழுதியும் உப்பளத்தைத்தான் தாண்டியிருந்தாள். 'பஸ் ஏறியதை நாளைக்கு எழுதுகிறேன், டீச்சர்' என்று கீழே குறித்திருந்தாள்.