புதன்கிழமை என்றாலே வயிற்றைக் கலக்கும்

பிரிட்ஜ் கதவில் ஒரு கால அட்டவணை ஒட்டியிருந்தேன். நான்கு நிறப் பேனா, கால் மணிக்கு ஒரு கட்டம். 5.15க்கு எழுவது, 5.30க்குத் துணி போடுவது, 5.45க்குச் சட்னி. ஒன்பது நாள் தாங்கியது. பத்தாவது நாள் புதன்.

புதன்கிழமை மகளுக்குப் பள்ளியில் புறப்பாட நடவடிக்கை, பாடத்துக்கு வெளியே சங்கம், விளையாட்டு மாதிரி. செம்பிறைச் சங்கச் சீருடை முந்தின வாரத்து வியர்வையோடு கூடையின் அடியில் கிடந்தது. 'துணி' என்று கட்டத்தில் எழுதினேனே தவிர, எந்தத் துணி என்று எழுதவில்லை. 5.30க்குத் துவைத்தாயிற்று, காய வைப்பது எங்கே? 1982 ஜனவரி 1இல் தீபகற்ப மலேசியாவில் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியதிலிருந்து நமக்கு ஏழு மணிக்கு மேல்தான் விடிகிறது.

நைட்டி மேலே ஒரு துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு, கீழே இருக்கும் 24 மணி நேர டோபிக்கு, காசு போட்டு நாமே துவைத்துக் காய வைக்கும் கடைக்கு, ஓடினேன். காசை விழுங்கிய டிரையர் அசையவே இல்லை. சுவரில் இருந்த எண்ணுக்கு மூன்று முறை அடித்தும் யாரும் எடுக்கவில்லை. திரும்பி வந்து ஈரத்தோடு அயர்ன் பண்ணினேன். மகள் கைகளை உடம்பில் படாமல் விரித்தபடி நடந்தாள், சட்டை அவ்வளவு சில்லென்று இருந்திருக்கிறது. அதற்குள் வேன் போய்விட்டது. நானே கொண்டுபோய் விட்டு, எம்ஆர்டி ரயில் பிடித்து, ஆபீசுக்கு நாற்பது நிமிடம் தாமதம். சாயங்காலம் திரும்பினால் எங்கள் பக்கத்தில் தாமான் கோனாட் பசார் மாலாம் (இரவுச் சந்தை), காரை வீட்டுப் பக்கமே கொண்டுபோக முடியவில்லை. அன்றைக்குக் கிழித்ததுதான் அந்த அட்டவணை.

அப்புறம் ஒன்றே ஒன்றை மட்டும் பிடித்தேன். ராத்திரி ரைஸ் குக்கர் பானையைக் கழுவிக் கவிழ்த்ததும், ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு நேராக மறுநாள் சீருடையை எடுத்து மாட்டுவது. மணி பார்க்கத் தேவையில்லை. பானை கழுவாத நாள் நம் வீட்டில் உண்டா? அது பழகிய பிறகுதான் பள்ளிப் பையைச் செருப்பு அலமாரி பக்கம் வைப்பதைச் சேர்த்தேன். காலை வேலையைக் காலையில் திட்டம் போடாதீர்கள், அது முந்தின ராத்திரி வேலை.

21 நாளில் பழகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆய்வில் சராசரியே 66 நாள், சிலருக்கு 18, சிலருக்கு 254 வரை கணக்கு வந்தது. நடுவில் ஒரு நாள் விட்டால் பெரிய நஷ்டமில்லை என்றும் அதே ஆய்வு சொல்கிறது. இதைப் படித்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது. எனக்கு இரண்டரை மாதம் ஆனது.

மாவு விஷயத்தில் இன்னும் தோல்விதான். இந்தச் சூட்டில் ராத்திரி முழுக்க வெளியே வைத்தால் விடியும்போது பொங்கி மேடையெல்லாம் வழிகிறது. ஆபீஸ் முடிந்து வந்து அரைப்பதற்குள் பத்தாகிவிடுகிறது. "கடையில் வாங்கேன்மா, யார் கேட்கப் போறா" என்று அத்தையே சொல்லிவிட்டார். வாங்குகிறேன்.

போன புதன் வேன் அண்ணன் ஹாரன் அடிப்பதற்கு முன்பே மகள் வாசலில், காய்ந்த சட்டையோடு. நான்தான் இன்னும் நைட்டியில் நின்றிருந்தேன்.