ஆறு யூரோ ஒயினும் ஐந்து வாய்களும்

பாட்டில் ஒன்றுதான். ஸ்பெயினின் ஹுமிய்யா ஊர்ச் சிவப்பு ஒயின், மொனாஸ்ட்ரெல் திராட்சை, 15 சதவீதம் ஆல்கஹால். லேபிளில் ‘ரோப்லே’ என்று போட்டிருந்தது, அதாவது சில மாதம் ஓக் பீப்பாயில் கிடந்த சரக்கு. விலை ஆறு யூரோ. சொத்துப் பிரித்த அன்றுகூட நம் வீட்டில் இப்படி ஒரு சண்டை நடந்ததில்லை.

மச்சான் முதல் கிளாஸை மடக்கென்று விழுங்கிவிட்டு, “டர்பன்டைன்” என்றார். “எனக்கு இனிக்குதே, நாவல்பழ ஜாம்” என்றார் அக்கா. ஒயின் ருசிக்கக் கோர்ஸ் படித்த நம் கோர்ஸ்காரர் கண்ணை மூடி, “கருமிளகு... வயலட் பூ... லேசா லெதர்” என்று அருள்வாக்கு சொன்னார். “அழுகின முட்டை நாத்தம். யாருக்குமே வரலையா?” என்று சித்தி ஜன்னலைத் திறந்தார். மேல்வீட்டுப் பாட்டி மட்டும் ஒன்றும் சொல்லாமல், ஐஸ் இருக்கிறதா என்று கேட்டார்.

கொடுமை என்னவென்றால், ஐந்து பேர் சொன்னதும் சரி.

மச்சான் பாட்டிலை வைத்திருந்த இடம் அடுப்புக்குப் பக்கத்து மேடை. நாங்கள் இருப்பது ஸ்பெயினின் முர்சியா, அதுவும் ஜூலை மாதம். சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடி என்று சொல்லிவைத்தவர்கள் கல் சுவரும் குளிருமாக வாழ்ந்தவர்கள். அவர்கள் அறை 16, 18 டிகிரி. நம் சமையலறை 30-க்கு மேல். அந்தச் சூட்டில் 15 சதவீத ஒயின் என்றால் முதலில் மூக்கில் ஏறுவது ஆல்கஹால் ஆவிதான், பழ வாசனை அதற்குப் பின்னால் வரிசையில் நிற்கும். பக்கெட்டில் பாதி ஐஸ், பாதி தண்ணீர், ஒரு கைப்பிடி உப்பு, பாட்டில் கழுத்துவரை முங்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு நிமிஷம் போதும். மச்சான் தண்ணீர் ஊற்றாமல் வெறும் ஐஸைக் கொட்டினார். ஐஸ் கட்டிகளுக்கு நடுவே காற்று இருந்தால் பாட்டில் எப்படிக் குளிரும்? பொறுமை போய் ஃப்ரீசரில் வைத்தார். வைத்தால் மறந்துவிடுவார் என்பது ஊருக்கே தெரியும். எடுத்தபோது பனி பூத்திருந்தது. கார்க் வெளியே வராதது அதிர்ஷ்டம். இரண்டாம் கிளாஸ் அவருக்கு “கடுக்காய்த் தண்ணி” ஆனது. ஆகத்தான் செய்யும். ரொம்பக் குளிர்ந்தால் வாசனை அடங்கிப்போகும், டானின் என்ற துவர்ப்புப் பொருள் மட்டும் பல்லைக் காட்டும்.

சித்திக்கு வந்த முட்டை வாசனையும் பொய் இல்லை. மொனாஸ்ட்ரெல், காற்றுப் படாமல் கிடந்தால் கந்தக வாடை பிடிக்கிற சாதி. பெரும்பாலும் ஒயின் கெட்டுப்போனதாக அர்த்தமில்லை. வாயகன்ற ஜக்கில் உயரத்திலிருந்து ஊற்றி அரைமணி விட்டால் போய்விடும். (ஈர அட்டைப்பெட்டி நாற்றம் வந்தால்தான் கார்க் கோளாறு, அதற்கு மருந்து கிடையாது.) அவசரக்காரர்களுக்கு இன்னொரு வழி: ஐந்து சென்ட் காசை சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவி, கிளாஸில் போட்டு ஒரு சுழற்று சுழற்றி எடுத்துவிடுவது. காசின் மேல்பூச்சு செம்பு. கந்தகத்தைப் பிடித்துக்கொள்ளும். இதைக் கோர்ஸ்காரர் விளக்கி முடிப்பதற்குள், மச்சான் பூஜை அலமாரியிலிருந்து பஞ்சபாத்திரத்தோடு வந்து நின்றார்.

“ஏங்க, அதை வெச்சுட்டு வாங்க” என்றார் அக்கா. குரல் உயரவில்லை. அதனால்தான் எல்லாருக்கும் பயமாக இருந்தது. அறிவியலும் அக்கா பக்கம்தான். ஒயின் புளிப்பு, செம்புப் பாத்திரத்தில் ஊறவிட்டால் தேவைக்கு மேல் செம்பு கரையும்.

அக்காவின் ஜாம் விஷயம் வேறு. இந்த வகை ஒயினில் சர்க்கரை பெரும்பாலும் லிட்டருக்கு நாலு கிராமுக்குள்தான். ஆனால் ஹுமிய்யாவில் வருஷத்துக்கு 300 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் மழை, சுண்ணாம்பு மண், சுட்டெரிக்கும் வெயில். கம்பி, பந்தல் எதுவும் இல்லாமல் புதர்புதராக நிற்கும் கொடியில் பழம் முற்றிக் கனிகிறது. அந்தக் கனிந்த வாசனை, கூடவே ஆல்கஹால், ஓக் மரத்தின் வெனிலா மூன்றும் சேர்ந்து நாக்கை ஏமாற்றும். அதே அக்கா, மட்டன் சுக்கா இரண்டு துண்டு உள்ளே போனதும், “எரியுது” என்று கிளாஸைத் தள்ளி வைத்தார். மிளகாயின் எரிச்சலை உணரும் அதே நரம்பைத்தான் ஆல்கஹாலும் சீண்டுகிறது. இந்த ஒயினுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டியது மாஞ்சேகோ சீஸ். டானின் எச்சிலில் உள்ள புரதத்தோடு ஒட்டுவதால்தான் வாய் வறள்கிறது. சீஸ் இருந்தால் அதன் புரதமும் கொழுப்பும் குறுக்கே நிற்கும். சீஸ் ஃப்ரிட்ஜில்தான் இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

கருமிளகுக்கு வருவோம். சித்தப்பா மூக்கைக் கிளாஸுக்குள் நுழைத்து நுழைத்துப் பார்த்துவிட்டு, “ஒண்ணுமே இல்லையேப்பா” என்றார். மிளகுக்கு மணம் தரும் ரொட்டண்டோனை ஒயினில் அடையாளம் கண்டு 2008-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் சொன்னார்கள். மொனாஸ்ட்ரெல்லிலும் அது உண்டு. சோதனைக்கு உட்கார்ந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு, எவ்வளவு கூட்டிக் கொடுத்தும் அந்த வாசனை தெரியவே இல்லை. நம் வீட்டுக்கு அந்த ஒருவர் சித்தப்பா. மிளகு ரசத்தில் ருசியே இல்லை என்று சித்தியிடம் இத்தனை வருஷம் அவர் வாங்கிக் கட்டிக்கொண்டதற்கு நேற்றுத்தான் நியாயம் கிடைத்தது.

கோர்ஸ்காரருக்கு ரொம்பத் தலைக்கனம் ஏறாமல் இருக்க இதையும் சொல்லிவைப்பது நல்லது. 2001-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், போர்தோ பல்கலைக்கழகத்தில் ஒயின் படித்த 54 மாணவர்களுக்கு வெள்ளை ஒயினில் வாசனையற்ற சிவப்புச் சாயம் கலந்து கொடுத்தார்கள். சிவப்பு ஒயினுக்கு உரிய வர்ணனைகளை எழுதித் தள்ளிவிட்டார்கள். லேபிளின் பின்பக்கம் ஸ்பானிஷில் ‘வயலட்’ அச்சடித்திருந்தது என்பதை இங்கே யாரும் கவனிக்க வேண்டாம்.

இவ்வளவு கூத்துக்கும் நடுவில் பாட்டி தன் காரியத்தை முடித்துவிட்டார். உயரமான கிளாஸ் நிறைய ஐஸ், பாதிவரை ஒயின், மீதிக்கு காசேரா என்ற இனிப்புச் சோடா, ஒரு எலுமிச்சை வில்லை. டின்டோ தே வெரானோ, அதாவது ‘கோடைச் சிவப்பு ஒயின்’. கோர்ஸ்காரர் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். பாட்டி ஹுமிய்யாக்காரர். அவர் சின்ன வயதில் அந்த ஊர் ஒயின் பாட்டிலில் போனதைவிட மொத்தமாகப் போனதுதான் அதிகம், வேறு ஊர்களின் சோகையான ஒயினுக்கு நிறமும் வேகமும் ஏற்ற. “ஜூலை மத்தியானத்துல இதைக் கலக்காமக் குடிக்கிறது விருந்தாளிங்கதான்” என்றார். 15 சதவீத ஆல்கஹால் ஏழரையாகிவிட்டது. துவர்ப்பும் இல்லை, எரிச்சலும் இல்லை. அக்கா அதையே இரண்டு கிளாஸ் குடித்தார்.

மச்சான் மட்டும் விடவில்லை. கிளாஸைச் சுழற்றி வாசனை எடுப்பது எப்படி என்று பாட்டிக்கே காட்டப்போய், வேட்டியில் கொட்டிக்கொண்டார். மொனாஸ்ட்ரெல் தோல் தடித்த பழம், சாயத்துக்குப் பஞ்சமில்லை. ஓடிப்போய் துணி சோப்பைத் தேய்த்தார். காரம் பட்டால் அந்தச் சாயம் நீலமாகும், ஆனது. பாட்டி சொன்ன வைத்தியம் சுலபம். பருத்தித் துணியை ஒரு பாத்திரத்தின் வாயில் இழுத்துக் கட்டி, கொதிக்கக் கொதிக்கத் தண்ணீரை ஒரு முழ உயரத்திலிருந்து கறைமேல் ஊற்ற வேண்டும். காய்வதற்கு முன்னால் ஊற்ற வேண்டும். மச்சான் வெட்கப்பட்டுக்கொண்டு, எல்லாரும் கிளம்பும்வரை வேட்டியை அவிழ்க்கவில்லை.

இன்று காலை சலவைக் கடையில் எட்டு யூரோ கேட்டிருக்கிறார்கள். கறை போகும் என்று உத்தரவாதமும் கிடையாதாம். மச்சானுக்கு அதுகூடப் பெரிசில்லை. ஒயினைவிட இரண்டு யூரோ அதிகம் என்பதைத்தான் தாங்க முடியவில்லை.