மாங்குளம் ஸ்டேசன்

எங்கள் பள்ளிக்கூடத்து மணி ஒரு தண்டவாளத் துண்டு. ஒன்றரை முழ நீளம் இருக்கும். வேப்பமரக் கிளையில் முறுக்குக் கம்பியால் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அதன் தலைப்பக்கத்தில் இரண்டு துளைகள். ஒன்றுக்குள்ளால் கம்பி போகும். அவை அடுத்த தண்டவாளத்தோடு சேர்த்துப் பூட்டுகிற ஆணிக்கான துளைகள் என்று வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது.

இலங்கையின் வன்னியில், மாங்குளத்தில் வளர்ந்த எனக்கு ரயில் பாதை என்றால் அந்த மணி, அப்புறம் வீட்டு பங்கர் என்கிற பதுங்குகுழி. பங்கருக்கு மேலே தண்டவாளங்களை வரிசையாக அடுக்கி, மண்மூட்டை போட்டிருந்தோம். செல் குண்டு விழும் நேரங்களில் அந்தத் துருவைப் பார்த்தபடி படுத்துக் கிடப்பேன்.

1990 ஜூனில் சண்டை மூண்டதும் ரயில் வவுனியாவோடு நின்றுவிட்டது. எனக்கு அப்போது மூன்று வயது. பிறகு தண்டவாளமும் அதைத் தாங்குகிற சிலிப்பர்க் கட்டையும் பங்கர்களுக்குப் போயின. மிஞ்சிய சல்லிக்கல் மேட்டிலும் காடு ஏறிவிட்டது. ஸ்டேசன் இருந்த இடத்தை அம்மம்மா கைகாட்டித்தான் நான் அறிந்தேன்.

அம்மம்மா ரயில் என்று சொல்லமாட்டார், கோச்சி என்பார். வடக்குப் பாதையில் காங்கேசன்துறைப் பக்கம் 1902-இலேயே கோச்சி ஓடியிருக்கிறது. தெற்கே இருந்து வந்த பாதை 1904-இல் அனுராதபுரத்தைத் தொட்டது. இடையில் கிடந்த வன்னிக் காட்டை வெட்டி இரண்டையும் சேர்த்தது கடைசி வேலை. 1905 ஆகஸ்டில்தான் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வரை ரயில் முழுதாக ஓடியது. அந்தக் காட்டுக்குள் மலேரியாவோடு மண் சுமந்தவர்களின் பெயர் எந்த ஸ்டேசன் சுவரிலும் இல்லை. எனக்கு அது பெரிய மனக்குறை.

1956-இல் யாழ்தேவி என்ற கடுகதி ரயில் வந்தது. அது கடந்து போகிற சத்தத்தை வைத்துத்தான் அம்மம்மா மத்தியான உலை வைப்பாராம். அம்மாவும் சகோதரங்களும் வேலியோரம் ஓடிப்போய்ப் பெட்டி எண்ணுவார்களாம். ஆளுக்கு ஒரு கணக்கு வரும், அதில் சண்டையும் வரும்.

2013 செப்டெம்பர் 14-ஆம் திகதி கிளிநொச்சி வரை பாதை திறந்தார்கள். இந்தியக் கடனில், இர்கான் நிறுவனம் போட்ட பாதை. மரக்கட்டைக்குப் பதில் கொங்கிறீற் சிலிப்பர், புதிதாக உடைத்த கருங்கல். இருபத்திமூன்று வருடம் கழித்து மாங்குளத்துக்கு ரயில். அம்மம்மா அதற்கு முன்பே போய்விட்டார்.

அன்று ஹோர்ன் சத்தம் கேட்டதும் அம்மா அகப்பையும் கையுமாகக் குசினியிலிருந்து ஓடிவந்தார். கடைசிப் பெட்டி மறையும் வரை வேலியைப் பிடித்தபடி நின்றார். அகப்பையிலிருந்து குழம்பு சொட்டிச் சட்டையில் வடிந்ததைக் கவனிக்கவே இல்லை. பிறகு என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்:

"எத்தினை பெட்டி எண்டு எண்ணினியே பிள்ளை?"