முசந்தம்: முழுகும் மலை, பூட்டிய வீடு

முசந்தம் தீபகற்பம் ஓமனுக்குச் சொந்தம்; ஆனால் ஓமனோடு ஒட்டவில்லை. நடுவே அமீரகம் கிடக்கிறது. அதனால் ராஸ் அல் கைமா வழியாகக் காரில் போகிறவர்களே அதிகம். திபாத் எல்லையில் சிக்கல் பெரும்பாலும் விசாவால் வருவதில்லை, காரால்தான். அமீரகக் காப்பீடு ஓமனுக்கும் செல்லுபடியாகிறதா என்று முன்பே பார்த்துவிட வேண்டும். வாடகைக் கார் என்றால் உரிமையாளரின் அனுமதிக் கடிதமும் கையில் இருக்கட்டும். அங்கிருந்து கடலை ஒட்டிச் சுமார் 40 கி.மீ. போனால் கசப் நகரம். பெயர்தான் கசப், அரபியில் செழிப்பைக் குறிக்கும் சொல் அது. பேரீச்சந்தோப்புகளைப் பார்த்தால் புரியும்.

அரேபியப் புவித்தட்டு இங்கே யூரேசியத் தட்டுக்கு அடியில் நுழைவதால், தீபகற்பத்தின் வட முனை மெல்ல அமிழ்ந்துகொண்டிருக்கிறது. பழைய பள்ளத்தாக்குகளுக்குள் கடல் ஏறி, செங்குத்தான சுண்ணாம்புப் பாறைகளுக்கு நடுவே நீண்ட கழிகளாகிவிட்டது. கோர் ஷம் அவற்றில் ஒன்று. ஹோர்முஸ் நீரிணையின் எண்ணெய்க் கப்பல்களைப் பார்க்கலாம் என்று இங்கே படகேறினால் ஏமாற்றம்தான், மலை மறைத்துவிடும். கப்பல்தடங்கள் முசந்தத்துக்கு வடக்கே, போகவும் வரவும் தலா 2 கடல் மைல் அகலத்தில் உள்ளன. வடமேற்கிலிருந்து ஷமால் காற்று எழுந்தால் வெளிக்கடல் படகுகள் நின்றுவிடும். கழிக்குள் அப்போதும் ஓரளவு அமைதி இருக்கும். கோர் ஷமில் உள்ள ஒரு சின்னப் பாறைத்தீவில் 1864இல் ஆங்கிலேயர் தந்தி நிலையம் வைத்தார்கள். வெயிலும் தனிமையும் சேர்ந்து, சில ஆண்டுகளிலேயே மூடிவிட்டார்கள்.

வடகோடி மீனவ ஊரான கும்ஸாருக்குப் படகுதான் வழி. அங்கே பேசும் கும்ஸாரி, பாரசீகத்துக்கு உறவான மொழி, அரபு கலந்தது. எதிர்க்கரையில் ஈரானின் லாரக் தீவிலும் அதைப் பேசுகிறார்கள். கோடையில் ஊரே கசபுக்கு இடம்பெயரும், பேரீச்சை அறுவடைக்கு.

மலைவாழ் ஷிஹூ மக்களும் கோடையில் கடற்கரைக்கு இறங்குவார்கள். ஆண்களின் கையில் ஜெர்ஸ் என்ற நீண்ட காம்புள்ள சிறு கோடரி இருக்கும். 2,000 மீட்டருக்கு மேல் உயர்ந்த ஜபல் ஹரீம் பக்கம் அவர்களது நிலத்தைப் பார்க்க நாலு சக்கர இயக்கமுள்ள வண்டி அவசியம். சரளைப் பாதை, இறங்கும்போது தாழ்ந்த கியரிலேயே வர வேண்டும், பிரேக்கை மட்டும் நம்பினால் சூடேறிப் பிடிக்காது. மழை அறிகுறி தெரிந்தால் வாடி எனப்படும் வறண்ட ஆற்றுப்படுகைக்குள் வண்டியை விடவே கூடாது. உச்சி ராணுவப் பகுதி; அதற்குக் கீழேயே திரும்பிவிட வேண்டும்.

மலையூர்களில் ‘பைத் அல் குஃப்ல்’ என்ற பூட்டு வீட்டைத் தேடிப் பாருங்கள். பாதி மண்ணுக்குள் புதைந்த கல் வீடு. தானியக் குதிர்களை முதலில் வைத்துவிட்டு, அவற்றைச் சுற்றித்தான் சுவரே எழுப்பினார்கள். வாசல் அந்தக் குதிர்களைவிடச் சிறியது. வீட்டுக்காரர் கடற்கரையில் இருக்கும் மாதங்களில் பூட்டை உடைத்தாலும் குதிர்களை வெளியே கொண்டுவர முடியாது.